வெளிச்செல்வதை வரவு வை

உங்கள் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களை மாற்றும் நாள் வந்தால், சற்றுத் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள். இரண்டு காட்சிகள் நடக்கும்.

முதல் காட்சியில் ஐ.டி. பிரிவு ஆசாமி ஒருவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவார். அதன் நம்பரைக் குறித்துக்கொள்வார். உள்ளே இருப்பதை அழிப்பார். அழித்தது போதாது என்று டிரில்லர் வைத்து ஓட்டை போடுகிற ஆபீஸ்களும் உண்டு. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இரண்டாவது காட்சி மாடிப்படிக்குக் கீழே. மானிட்டர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக, தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி முகம் சுவரைப் பார்க்க அடுக்கியிருக்கும். "எத்தனைங்க இருக்கு?" என்று கேட்டால், "ஒரு நாப்பது நாப்பத்தஞ்சு இருக்கும் சார்" என்பார் செக்யூரிட்டி. ஒரு குட்டி யானை வந்து நிற்கும். அந்த வண்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கத்தையாக ஒரு தொகை கைமாறும். ஆயுத பூஜைப் பொரி, கடலை செலவுக்கு ஆயிற்று.

ஒரே மேஜையில் பல வருஷம் சேர்ந்து குடித்தனம் நடத்திய இரண்டு பொருள்கள். கடைசி நாளில் மட்டும் ஏன் இந்த வித்தியாசம்? ஹார்ட் டிஸ்க் தப்பான கைக்குப் போனால் நஷ்டம் நமக்கு. மானிட்டர் தப்பான கைக்குப் போனால் நஷ்டம் அந்தக் கைக்கு. அவ்வளவுதான் விஷயம். நமக்கு ஜாக்கிரதையாக இருக்கத் தெரியாது என்று யாரும் குறை சொல்ல முடியாது. நன்றாகவே தெரிகிறது.

நான் பி.காம். படித்தவன். முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்: 'உள்வருவதைப் பற்று வை, வெளிச்செல்வதை வரவு வை.' மானிட்டர் உள்ளே வந்தால் பற்று. வெளியே போனால் வரவு. மூன்று வருஷம் உருப்போட்டுப் பரீட்சை எழுதினேன். வெளியே போனது பிறகு என்ன ஆயிற்று என்று ஒரு பேப்பரிலும் கேள்வி வந்ததில்லை. கணக்குப் புத்தகத்தின் கண்பார்வை காம்பவுண்டு சுவரோடு முடிந்துவிடுகிறது.

தேய்மானம் என்று ஒரு சங்கதி உண்டு. கம்ப்யூட்டருக்கு வருமான வரிச் சட்டம் முன்பு வருஷத்துக்கு 60 சதவிகிதம் அனுமதித்தது. 2017-க்குப் பிறகு 40 சதவிகிதம். பழைய விகிதத்தில் 5,000 ரூபாய் மானிட்டரைப் போட்டுப் பாருங்கள். முதல் வருஷ முடிவில் 2,000. அடுத்து 800. பிறகு 320, 128. ஐந்தாவது வருஷம் 51 ரூபாய் சொச்சம். அந்த மானிட்டரை ஒருவர் நூறு ரூபாய்க்கு எடுத்துக்கொண்டால், புத்தகப்படி அது லாபம்! பொருளின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அதற்குள் இருக்கிற ஈயமும் அப்படியே இருக்கிறது. தேய்ந்ததெல்லாம் பேப்பரில்தான்.

இதையெல்லாம் கிளறி விட்டது உத்திரமேரூரிலிருந்து வந்த ஒரு கடிதம். எழுதியவர் 2003-ல் அங்கே பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தவர். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்குத் தெருமுனை வரைக்கும் கியூ நிற்குமாம். செல்போனுக்குள் இன்டர்நெட் வந்ததும் கியூ காணாமல் போனது. சென்டர் ஜெராக்ஸ் கடையாகி, இப்போது ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய மிச்சம், பரண் மேல் 11 குண்டு மானிட்டர்கள்.

பரணைக் காலி பண்ணியாக வேண்டும். காயலான் கடைக்காரர் ஒன்றுக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்கிறார். அரசிடம் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் ஒன்றுக்குப் போன் போட்டால், "நீங்களே கொண்டுவந்து இறக்கணும். ட்யூப் மானிட்டருக்கு நாங்க காசு தர மாட்டோம், நீங்கதான் கொடுக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார்களாம். கடிதத்தின் கடைசி வரி: 'நூறு ரூபாய் கொடுக்கிறவருக்குக் கொடுத்தால் அது பாவமா சார்?'

ஒரு வரி பதில் போட்டிருக்கலாம். மனசு வரவில்லை. நேரில் போனேன். முதலில் பரணைப் பார்த்தேன். பிறகு காயலான் கடைக்கும் போனோம்.

கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க அதில் ஏதாவது இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. பின்பக்க பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றுவார்கள். ட்யூபின் கழுத்தில் ஒரு தட்டு. உள்ளே வெற்றிடமல்லவா, காற்று 'புஸ்' என்று ஏறும். கழுத்தைச் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை உருவிக்கொள்வார்கள். விளிம்பைச் சுற்றி ஒரு செம்புக் கம்பி, கொஞ்சம் இரும்பு, ஒரு சர்க்யூட் போர்டு. தீர்ந்தது. "கண்ணாடி?" என்று கேட்டேன். "அது யாருக்கு ஆவும் சார்? எங்கனா பள்ளத்துல தள்ளிட வேண்டியதுதான்."

அந்தக் கண்ணாடிதான் கதை. பிக்சர் ட்யூபுக்குள் எலெக்ட்ரான்கள் வேகமாகப் பாய்ந்து திரையில் மோதும்போது எக்ஸ் கதிர்கள் உண்டாகும். அவை உங்கள் முகத்துக்கு வராமல் தடுக்கக் கண்ணாடியிலேயே உலோகங்களைக் கலந்தார்கள். முன்பக்கத் திரையில் பேரியம், ஸ்ட்ரான்ஷியம். பின்பக்கப் புனலில் ஈயம், அதுவும் புனலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒரு 17 இஞ்ச் மானிட்டரில் கிட்டத்தட்ட ஒரு கிலோ தேறும். ரசம் வைக்கிற ஈயச் சொம்பை நினைத்துக்கொண்டு நிம்மதி அடையாதீர்கள். அது வெள்ளீயம். இது காரீயம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இந்த அளவு வரைக்கும் உடம்புக்குள் போனால் பரவாயில்லை என்று ஓர் எல்லையைச் சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்ரோலில் கலந்துகொண்டிருந்த ஈயத்தை 2000-ல் நாடு முழுக்க நிறுத்தியது சும்மா இல்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். முழுசாகப் பரண் மேல் உட்கார்ந்திருக்கும்வரை மானிட்டர் பரம சாது. ஈயம் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. உடைந்து, தூளாகி, புளிப்பேறிய குப்பைத் தண்ணீரில் ஊறும்போதுதான் பூட்டு திறக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிக்சர் ட்யூப்களை உடைத்து, குப்பைமேட்டு நிலைமையைச் செயற்கையாக உண்டாக்கிச் சோதித்து 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம் என்பது அமெரிக்க அரசு வைத்திருந்த எல்லை. அவர்களுக்குச் சராசரியாகக் கிடைத்தது 18.5.

நம்மூரில் எந்த ஊராக இருந்தாலும் 'பள்ளம்' என்றால் என்ன? ஏரிக்கரை, இல்லையென்றால் வாய்க்கால். ஏரிகளுக்குப் பேர்போன பழைய செங்கல்பட்டுச் சீமை இது. உத்திரமேரூர் ஏரியே பல்லவர் காலத்தது. கல்வெட்டில் அதற்கு வைரமேகத் தடாகம் என்று பெயர்.

இப்போது ஆபீஸ்களிலிருந்து வெளியேறுவது பெரும்பாலும் தட்டை மானிட்டர்கள்தானே என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். அதில் ஈயக் கண்ணாடி இல்லை. ஆனால் எல்.இ.டி. வருவதற்கு முன்பு செய்த தட்டை மானிட்டர்களில், திரைக்குப் பின்னால் பென்சிலைவிட மெல்லிய குழல்விளக்குகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். கையால் பிய்த்து எடுக்கும்போது அவை உடையாமல் வந்தால் ஆச்சரியம்.

"தம்பி, நான் முப்பது வருஷமா இதே தொழில்தான். எனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார் கடைக்காரர் புறப்படும்போது. ட்யூபை உடைக்கிற வேலை அவருடையதல்ல. கடையில் இருந்த பையனுடையது. அதை அவரிடம் சொல்லவில்லை. சாயங்கால வேளை, அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

இங்கே காயலான் கடைக்காரரை வில்லனாக்கிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அது அநியாயம். 'ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிய காலத்திலிருந்து, நாம் வேண்டாமென்று போட்டதையெல்லாம் திரும்பப் பொருளாக்கிக் கொடுத்த வர்க்கம் அது. பேப்பர், இரும்பு, பாட்டில் எதிலும் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செம்பையும் இரும்பையும் அவர் ஒழுங்காகத்தான் மறுசுழற்சி செய்கிறார். விலை இல்லாத பாகத்தைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதைச் செய்ய மூடிய அறை வேண்டும். தூசியை உறிஞ்சும் எந்திரம் வேண்டும். திரைக் கண்ணாடியையும் புனல் கண்ணாடியையும் சூடான கம்பி வைத்தோ வைர ரம்பம் வைத்தோ பிரிக்க வேண்டும். திரையின் உள்ளே பூசிய பவுடரை உறிஞ்சி எடுக்க வேண்டும். இத்தனையும் செய்து முடித்தால் கையில் மிஞ்சுவது வாங்க ஆளில்லாத கண்ணாடி! ஒரு காலத்தில் அதை உருக்கிப் புது ட்யூப் செய்தார்கள். குஜராத்தின் பரூச்சில் இருந்த விடியோகான் கண்ணாடி உலைக்கு அமெரிக்காவிலிருந்துகூடப் பழைய ட்யூப் கண்ணாடி கப்பலில் வந்தது. புது ட்யூப் யாருக்கும் வேண்டாம் என்றானதும் அந்த வழி அடைந்தது. ஈயம் உருக்கும் ஆலைக்கு அனுப்பலாம். இல்லாவிட்டால் கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அபாயக் கழிவு நிலையத்தில் காசு கட்டிப் புதைக்க வேண்டும்.

ஆகவே ஒரு விசித்திரமான சந்தை இது. மானிட்டருக்கு யார் அதிக விலை தருகிறாரோ அவர் கண்ணாடியைப் பள்ளத்தில் தள்ளப் போகிறார். யார் உங்களிடமே காசு கேட்கிறாரோ, அவர் யோக்கியராக இருப்பதற்கு வாய்ப்பு உண்டு. காய்கறி வாங்குவதிலிருந்து கல்யாண மண்டபம் பேசுவது வரைக்கும் நாம் பழகியதற்கு நேர் எதிர். நூறு ரூபாய் உங்களுக்குக் கிடைக்கிறது என்றால், செய்ய வேண்டிய ஒரு செலவை யாரோ செய்யாமல் விடப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"சரி சார், பெரிய கம்பெனிக்காரன் ஆயிரக்கணக்குல தூக்கிப் போடறான். என் பதினொண்ணுதானா ஊரைக் கெடுக்கப் போவுது?" என்று கேட்டார் கடிதக்காரர். "சட்டமே என்னைக் கேக்கல. விசாரிச்சுட்டேன்."

நன்றாகவே விசாரித்திருக்கிறார். மின்னணுக் கழிவுகளுக்கென்று தனி விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-ல் மாற்றினார்கள். இப்போது இருப்பவை 2022-ல் அறிவித்து 2023 ஏப்ரல் 1 முதல் அமலானவை. அவற்றின்படி 'பெருநுகர்வோர்' தங்கள் கழிவைப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். யார் பெருநுகர்வோர்? ஒரு நிதியாண்டில் எப்போதாவது 1,000 மின்சார, மின்னணுப் பொருள்களையாவது பயன்படுத்திய அமைப்பு. 999 வைத்திருப்பவர் தப்பித்தார். போதாததற்கு, குறுந்தொழில்களுக்கு இந்த விதிகளே பொருந்தாது. 2025 ஏப்ரல் முதல் வருஷத்துக்கு 10 கோடி ரூபாய் விற்றுமுதல் வரை உள்ளவர்கள் குறுந்தொழில் வகையில் வரலாம். உத்திரமேரூர் பஜாரில் அந்தக் கோட்டைத் தாண்டுகிற கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

(இன்னொரு கணக்கும் மனசில் ஓடியது. 2006-லிருந்து 2011 வரை தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி.க்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எல்லாம் இதே ஈயக் கண்ணாடி. பழசானால் திரும்ப வாங்குவது யார் என்று சொல்கிற விதிகள் அமலாகும் முன்பே கொடுத்து முடித்தாகிவிட்டது. அது வீடுகளின் கதை; வியாபாரக் கணக்கில் அதைக் கலக்க வேண்டாம்.)

சட்டம் கேட்காவிட்டால் பொறுப்பு இல்லையா? விற்றுவிட்டால் கை கழுவியாயிற்றா? நம் ஊர் வியாபார தர்மம் பொதுவாக 'ஆமாம்' என்றுதான் சொல்லும். வாங்குகிறவரும் வளர்ந்த ஆள். கண்ணால் பார்த்து, பேரம் பேசி வாங்குகிறார். பிறகு அது அவர் பாடு. மாட்டுச் சந்தைக்கு இது சரி. மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். மானிட்டர் வாங்குகிறவர் எதைப் பிடித்துப் பார்ப்பது?

2010-ல் தில்லியில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஓர் ஆராய்ச்சிக் கருவி. 1960-களின் இறுதியில் கனடாவிலிருந்து வாங்கியது. 1985-லிருந்து யாரும் தொடவில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று 2010 பிப்ரவரியில் ஏலம் விட்டார்கள். முறைப்படியான ஏலம்தான், பணம் வந்தது, ரசீது போனது, கணக்கு நேரானது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட் 60. ஏப்ரலில் தொழிலாளிகள் ஒவ்வொருவராக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்தே போனார். மானிட்டரில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை; பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விற்றவர் படித்தவர், அது என்ன கருவி என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டியவர். வாங்கியவருக்குத் தெரிய வழியே இல்லை. இப்படி இருக்கிற இடத்தில் 'அவர் பாடு' என்பது வியாபாரம் ஆகாது. விஷயம் தெரிந்தவன் தன் சுமையைத் தெரியாதவன் தலையில் ஏற்றிவிட்டு மேலே காசும் வாங்கிக்கொள்வது அது.

அப்படியானால் பதிவு பெற்ற நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் போதுமா? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் 'க்ளோஸ்டு லூப்' என்று ஒரு நிறுவனம் இருந்தது. பிக்சர் ட்யூப் கண்ணாடியை ஈயம் நீக்கித் தருகிறோம் என்று பணம் வாங்கிக்கொண்டு பல மாநிலங்களிலிருந்து சரக்கை எடுத்துக்கொண்டது. 2016-ல் இழுத்து மூடிவிட்டுப் போனது. திறந்து பார்த்தால், வாடகைக்கு எடுத்த கிடங்குகளில் 50,000 டன்னுக்கும் மேல் கண்ணாடி மலை மலையாகக் கிடந்தது. கிடங்கு முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஓடிப்போன கம்பெனியோடு விடவில்லை. அங்கே கண்ணாடி அனுப்பிய நிறுவனங்கள் மேலும் வழக்குப் போட்டார்கள். "நாங்கள்தான் காசு கொடுத்து அனுப்பினோமே, ரசீது இருக்கிறதே" என்றவர்களில் பலர் கடைசியில் சமரசம் பேசி இன்னொரு முறை பணம் கட்டினார்கள். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அந்தக் கிடங்குக்காரர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ரசீது வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒரு தடவை போய்க் கதவைத் திறந்து பார்த்தார்கள்?

இந்த யோசனையோடு உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குள் போனேன். ஊருக்குப் போய்விட்டு அந்தச் சுவரைப் பார்க்காமல் வர முடியுமா? முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள். குடவோலை என்று பாடப் புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம், பொன் வாரியம் என்று பிரித்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். பதவிக்காலம் 360 நாள். நம் பேச்சாளர்கள் வழக்கமாக இதோடு நிறுத்தி, உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தோம் என்று கைதட்டல் வாங்கிவிடுவார்கள். வரி செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்த பிராமண ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் கைதட்டல் குறையும். எனக்கு அந்தக் குடத்தில் இடம் கிடைத்திருக்காது.

எனக்குப் பிடித்தது தகுதி நீக்கப் பட்டியல். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வர முடியாது. அவர் மட்டுமா? அவருடைய அப்பா, பிள்ளை, உடன்பிறந்தவர், மாமனார், மைத்துனன், மருமகன், அக்கா தங்கை பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள் என்று நீள்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அளவுக்கு உறவு! பினாமி என்ற வார்த்தை வருவதற்கு முன்பே பினாமியைத் தெரிந்தவர்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. பிறர் பொருளைத் திருடியவருக்கு அதே கல்வெட்டில் தனி விதி இருக்கிறது. கணக்குக் காட்டாதவருக்கு இது தனி விதி. அதாவது, அவர் திருடினார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு சல்லிக் காசுகூடக் குறையாமல் இருந்திருக்கலாம். உன் கையில் ஒரு பொறுப்பு இருந்தது; அது என்ன ஆயிற்று என்று நீ ஊருக்குச் சொல்லவில்லை; அதுவே போதும் என்கிறது. தொகை பெரிதா சிறிதா என்ற கேள்வியே அங்கே இல்லை. 11 மானிட்டரா, 11,000 மானிட்டரா என்று கேட்டால் அந்தச் சுவருக்குப் புரியாது.

ஏரிக்கென்றே ஒரு வாரியம் வைத்திருந்த ஊரில் ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பாவம், புண்ணியம் எனக்குத் தெரியாது. நீங்கள் திருடவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. ஆனால் இந்த 11 ட்யூபிலிருந்து பத்து கிலோ ஈயம் கடைசியில் எந்த மண்ணுக்குப் போனது என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் நீங்கள். அதை வைத்து ஏழெட்டு வருஷம் சம்பாதித்தவர் நீங்கள். உடைக்கிற அந்தப் பையன் இல்லை.

பெரிய ஆபீஸ்களில் இருக்கும் வாசகர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே யோக்கியமாக இருக்கவே விதி இடம் கொடுப்பதில்லை. வாங்கும்போது குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். விற்கும்போது அதிக விலை சொன்னவருக்குச் சரக்கு. இது ஆடிட் வேதம். நீங்கள் மனசாட்சிப்படி குறைந்த விலை சொன்ன மறுசுழற்சிக்காரருக்குக் கொடுத்தால், "ஏன் கொடுத்தீர்கள், உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று மெமோ வரும். கண்ணாடியைப் பள்ளத்தில் தள்ளுகிறவருக்குக் கொடுத்தால் ஒரு கேள்வியும் வராது. வழி இருக்கிறது. டெண்டர் விளம்பரத்திலேயே பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்கள் மட்டும் கலந்துகொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அப்புறம் அவர்களுக்குள் யார் அதிகம் தந்தாலும் தரட்டும். அந்த ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எத்தனை ஃபைல் எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஹார்ட் டிஸ்க்குக்காக அத்தனை மேஜையும் ஏறி இறங்குகிறோமே.

தானம் செய்துவிடலாம் என்று சில கம்பெனிகள் நினைக்கின்றன. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு 20 பழைய கம்ப்யூட்டர், ஒரு பேனர், ஒரு போட்டோ. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதே, தலைமையாசிரியர் வாங்கிக்கொள்கிறார். ஓடுகிற மானிட்டராக இருந்தால் மிக நல்லது. மறுசுழற்சியைவிட மறுபயன்பாடு மேல். ஓடாததாக இருந்தால்? ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிட்ட பொருளை அரசுப் பள்ளி நினைத்த மாத்திரத்தில் கழித்துவிட முடியாது. அதற்கென்று உத்தரவு வர வேண்டும். அதுவரைக்கும் ஒரு வகுப்பறை பூட்டியே கிடக்கும். பூட்டிய அறையின் சாவி உங்களிடமிருந்து கிராமத்துத் தலைமையாசிரியருக்குப் போயிருக்கிறது. அதற்குப் பெயர் தானம்!

செலவு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடைசியில் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூரும் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் இருக்கின்றன. டெல் நிறுவனம் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலை திறந்தது. பிரிக்கிற நிறுவனங்களும் அந்தப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் உண்டு. வாலாஜாபாத் வழியாகப் போனால் ஒன்றரை மணி நேரம். 11 மானிட்டருக்காக ஒரு வண்டி பேசினால் கட்டுப்படியாகாது. ஆனால் உத்திரமேரூரில் இவர் ஒருவரிடமா மானிட்டர் இருக்கிறது? பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்து கம்ப்யூட்டர் சென்டராக மாறியது ஒன்று. ஒரு ரைஸ்மில். ஒரு ஸ்டூடியோ. இரண்டு நர்சரி பள்ளிக்கூடம். எல்லோரிடமும் பரண் இருக்கிறது.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். செம்புச் சுருளை மட்டும் உருவி விற்றுவிட்டு மிச்சத்தை அனுப்பாதீர்கள். செம்பில் வருகிற காசில்தான் கண்ணாடியின் செலவை மறுசுழற்சிக்காரர் கொஞ்சமாவது ஈடுகட்ட முடியும். ட்யூபை உடைக்காமல் கொண்டு போங்கள். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை உருப்படி, எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள். "கண்ணாடி இங்கேயிருந்து எங்கே போகும்?" என்று கேளுங்கள். ஊர், ஆலை பெயர் சொல்கிறாரா, மழுப்புகிறாரா என்று பாருங்கள். ஆகிற செலவைக் கடைக் கணக்கில் செலவாகவே எழுதுங்கள். ஆடிட்டர் முகம் சுளிக்க மாட்டார். காயலான் கடைக்காரரை விட்டுவிட வேண்டாம். கீபோர்டு, இரும்புக் கேபினெட், கேபிள், பழைய மேஜை எல்லாம் அவருக்கே கொடுங்கள். வண்டியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். அதற்கும் அவரையே கூப்பிடுங்கள், கூலி கொடுத்து.

அவர் உடனே தலையாட்டவில்லை. "பார்க்கறேன் சார். நாலு பேரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். போன வாரம் போன் வந்தது. ரைஸ்மில்காரர் நாலு தருகிறார். ஸ்டூடியோவில் மூன்று. நர்சரி பள்ளி ஒன்றில் ஆறு. இன்னொரு பள்ளி, போன வருஷமே காயலான் கடைக்குப் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் சென்டர்காரர் எண்ணிச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வண்டி வாடகையை உருப்படிக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதா, கடைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வதா என்பதில்தான் இப்போது தகராறாம்.